முதுகில் சுமையோடு மலை ஏறி இறங்க ட்ரெக்கிங் ஸ்டிக் தேவையா, மூங்கில் கம்பே போதுமா?

கேள்வி கேட்டவர், அமெரிக்காவின் ராக்கி மலைகளில் கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் வேட்டைக்குப் போகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். பலர் கையில் ட்ரெக்கிங் ஸ்டிக், அதாவது மலைநடைக்கென்று விற்கிற, நீட்டி மடக்கும் ஊன்றுகோல். "அது பந்தாவா, நிஜமாகவே பயன்படுகிறதா? மீசப்புலிமலை, குரங்கணி என்று வருகிற நாங்களும் வாங்க வேண்டுமா? அடிவாரத்தில் கிடைக்கிற மூங்கில் கம்பு போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு ஊர் கேரளத்தில் மூணாறு பக்கம் பூப்பாறை. வீட்டுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. அதோடு, மலையேற வருகிற குழுக்களுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு கூடப் போகிற வேலையும் உண்டு. முதுகில் எடையோடு நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டிக் உதவும். ஆனால் பெரும்பாலோர் அதை ஏற்றத்துக்காக வாங்குகிறார்கள். கொடுத்த காசு திரும்ப வருவது இறக்கத்தில்தான்.

வேட்டைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறவரை இங்கே அதற்கு இடமில்லை. மூணாறு இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம்தான். 1975-ல் சரணாலயமானது, 1978-ல் தேசியப் பூங்கா. இன்றைக்கு அங்கே வரையாட்டைத் தேடி மேட்டில் ஏறுகிறவர்கள் அதை எண்ணுவதற்காக ஏறுகிறார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் கணக்கெடுப்பு நடத்தின. அந்த வேலைக்கும் வேட்டைக்காரன் வேலைக்கும் நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதை இல்லாத சரிவு, முதுகில் மூட்டை, கண்ணில் பைனாகுலர். அதனால் அந்த வேட்டைக்காரர்கள் ஸ்டிக்கைப் பிடிக்கிற விதத்தில் நாம் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன.

அவர்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், போகும்போது இருக்கிற எடை வேறு, வரும்போது இருக்கிற எடை வேறு. எல்க் என்பது நம் மிளாவைவிடப் பெரிய மான். நன்றாக வளர்ந்த கிடா ஒன்று விழுந்தால் எலும்பை நீக்கிய கறியே ஏறக்குறைய நூறு கிலோ வரை தேறும். அதைப் பங்கு போட்டு, ஒரு நடைக்கு முப்பது நாற்பது கிலோ என்று முதுகில் கட்டி, பல நடையாக இறக்குவார்கள். அத்தனை எடையோடு சரிவில் கால் வழுக்கினால் மூட்டை ஆளையும் சேர்த்து உருட்டிவிடும். அவர்கள் ஸ்டிக் எடுத்துப் போவது அந்தத் திரும்பி வருகிற வழிக்காக.

நம் பக்கம் எடை குறைவு, ஆனால் இறக்கம் குறைவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். (அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கின. ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பேரில் மட்டும் ஸ்டேஷன் மிச்சம்.) ஏறும்போது தொடை தசை சுருங்கி வேலை செய்கிறது, மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காது, அதனால் களைப்பு தெரியாது. ஒரு கட்டத்தில் நின்றால் தொடை கிடுகிடுவென்று ஆடும். வழுக்கி விழுகிறவர்களில் நிறையப் பேர் அதற்குப் பிறகு விழுகிறவர்கள்தான்.

1999-ல் வெளியான ஓர் ஆய்வில், செங்குத்தான சரிவில் இரண்டு ஸ்டிக் ஊன்றி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. ஓர் அடிக்கு அது பெரிதில்லை. ஆனால் குரங்கணி வரை எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! ஏற்றத்தில் கதை வேறு. கையும் சேர்ந்து வேலை செய்வதால் கால் கொஞ்சம் தப்பிக்கும், நெஞ்சுக்கு வேலை கூடும். எடை இல்லாமல் வருகிற இளவட்டங்களுக்கு ஏற்றத்தில் அது கையில் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

இரண்டு வேண்டுமா, ஒன்று போதுமா என்ற இடத்தில்தான் எனக்கும் எங்களோடு வருகிற முதுவான் பழங்குடி அண்ணன் ஒருவருக்கும் வாக்குவாதம். அவர் கையில் எப்போதும் ஒரு கம்பு, இன்னொரு கையில் வாக்கத்தி (காடு வெட்டுகிற கத்தி). "ரெண்டு கையிலயும் கம்ப வச்சுக்கிட்டு கொடிய எதால விலக்குவ தம்பி, பல்லாலயா?" என்று கேட்டார். சோலைக்காட்டுக்குள் அவர் சொல்வதுதான் சரி. அங்கே கிளையைப் பிடிக்க, முகத்தில் அடிக்கிற முள்ளை ஒதுக்க, பாறையைத் தொட்டு ஏற ஒரு கை சும்மா இருந்தாக வேண்டும். வேட்டைக்காரர்களும் இரையை நெருங்கும்போது ஒன்றை மடக்கிப் பையில் செருகிவிடுகிறார்கள், துப்பாக்கிக்கு ஒரு கை வேண்டுமே. ஆனால் சோலையை விட்டு வெளியே வந்து புல்மேட்டுச் சரிவில் இறங்கும்போது நான் சொல்வது சரி. அங்கே பிடிக்க ஒன்றும் கிடையாது. ஒற்றைக் கம்போடு இறங்கினால் உடம்பு ஒரு பக்கமே சாய்ந்து, அந்தப் பக்கத் தோளும் மறுபக்க முழங்காலும் வலி எடுக்கும். காய்ந்த சுக்குநாறிப்புல் பாதையில் படுத்துக் கிடந்தால் அதன்மேல் ஷூ எண்ணெய் தடவினமாதிரி போகும். இரண்டையும் உங்களுக்குக் கீழே முன்னால் ஊன்றி, எடையை அதில் கொடுத்து, பிறகு காலை வைக்க வேண்டும். காலை வைத்துவிட்டு ஸ்டிக்கை ஊன்றுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிடியில் தொங்குகிற கைப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கின பாதிப்பேர் அதைத் தப்பாக மாட்டுகிறார்கள். மேலிருந்து கையை நுழைத்துப் பிடிக்கக் கூடாது. பட்டியின் வளையத்துக்குள் கையைக் கீழிருந்து மேலே விட்டு, பிறகு பட்டியையும் பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். இப்போது பட்டி கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஓடி மணிக்கட்டின் பின்புறத்தைத் தாங்கும். எடை மணிக்கட்டின் வழியாக இறங்கும், விரல்கள் தளர்வாக இருக்கலாம். இறுக்கிப் பிடித்தே நடக்கிறவர்களுக்கு மாலையில் உள்ளங்கையில் கொப்புளம் நிச்சயம். மூங்கில் கம்பில் இந்த வசதி இல்லை, முழு எடையும் பிடியில்தான்.

அதே பட்டியைக் கழற்ற வேண்டிய இடமும் உண்டு. பெரிய பாறைகளுக்கு நடுவே இறங்கும்போதும் ஓடை கடக்கும்போதும் கையை வெளியே எடுத்துவிடுங்கள். முனை இடுக்கில் சிக்கி ஆள் முன்னால் விழுந்தால் கட்டைவிரல் பிசகிவிடும். ஓடையில் முதுகுப் பையின் இடுப்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்திருக்கலாம். தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்று, ஸ்டிக் இரண்டு கால் இரண்டில் ஒரு சமயத்துக்கு ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடுகிற தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எத்தனை ஸ்டிக் இருந்தாலும்.

உயரம்: சமதரையில் முனையை ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் நிற்க வேண்டும். 170 செ.மீ. ஆளுக்கு 115 செ.மீ. சுமாராக வரும். ஏற்றத்தில் அதிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டர் குறையுங்கள், நீண்ட இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். சரிவின் குறுக்கே நடக்கும்போது மேட்டுப் பக்க ஸ்டிக் குட்டையாக இருக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் நின்று திருக முடியாது. பிடிக்குக் கீழேயும் நீளமாக நுரைப்பஞ்சு சுற்றிய மாடல் இருக்கிறது. கையைக் கீழே இறக்கிப் பிடித்தால் வேலை முடிந்தது.

சத்தத்தில்தான் வேட்டைக்காரர்களும் நாமும் நேர் எதிர். உலோக முனை பாறையில் டக் டக் என்று படுவது அவர்களுக்குச் சத்துரு, அதனால் ரப்பர் மூடி போட்டுக்கொள்வார்கள். இங்கே சோலைக்குள் வளைவு திரும்பும் இடத்தில் காட்டுமாட்டையோ கரடியையோ பத்தடியில் சந்திப்பதைவிட, நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்து அதுவாக ஒதுங்கிப் போவது எவ்வளவோ மேல். பாட்டுப் பெட்டி வேண்டாம், கூச்சல் வேண்டாம், டக் டக் போதும். நான் காட்டுப் பகுதியில் ரப்பரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன், தார் ரோட்டிலும் காய்ந்த பாறையிலும் மட்டும் மாட்டுவேன். பாசி பிடித்த ஈரப்பாறையில் ரப்பரும் நிற்காது, உலோகமும் நிற்காது. யானை விஷயம் தனி. அரிக்கொம்பன் என்ற யானை 2023-ல் பிடிபடும்வரை சுற்றிக்கொண்டிருந்த சின்னக்கானல் எங்களுக்குப் பக்கம். யானை தெரிந்தால் வனத்துறை வாட்சர் சொல்கிற பக்கம் சத்தமில்லாமல் விலகுங்கள். ஸ்டிக்கை ஓங்கிக் காட்டுகிற வீரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வேட்டைக்காரர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. இரண்டு ஸ்டிக்கையும் பிடிக்குக் கீழே குறுக்காகச் சேர்த்து, பட்டியால் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் உட்கார்ந்து கத்தரிபோல் விரித்து ஊன்றுவார்கள். அவர்களுக்கு அது துப்பாக்கி தாங்கி. அதன் கவட்டையில் பைனாகுலரை வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை ஏறிவந்த மூச்சிரைப்போடு கையில் பிடித்தால் மலையே ஆடும். கவட்டையில் வைத்தால் எதிர்ச் சரிவில் பாறை நிறத்திலேயே நிற்கிற வரையாட்டின் கொம்பு வளைவுகூடத் தெரியும். ஸ்டிக்கை நட்டு அதன்மேல் கூடாரம் கட்டுவதும் அங்கே பழக்கம்தான். இங்கே காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க முடியாது, அனுமதித்த முகாமில்தான் தங்கல், அதனால் அது நமக்கு வேண்டாத வித்தை.

மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு: ஊன்றி வைத்த ஸ்டிக்கில் அட்டை ஏறும். டீ குடித்துவிட்டு எடுக்கும்போது பிடியைப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். துணியில் உப்பைக் கட்டி நுனியில் கிழி மாதிரி தொங்கவிட்டு, காலில் ஏறுகிற அட்டையைக் குனியாமலே ஒற்றி எடுக்கலாம். இந்த வேலைக்கு ட்ரெக்கிங் ஸ்டிக்கைவிட மூங்கில் கம்பு வசதி, உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிக்கும்.

வாங்குவதென்றால் அலுமினியம் வாங்குங்கள். கார்பன் எடை குறைவு, ஆனால் பாறை இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று முறிந்துவிடும். அலுமினியம் வளையும், வளைந்ததை வைத்து ஊர் வந்து சேரலாம். திருகி இறுக்குகிற பூட்டு ஈரமும் மண்ணும் சேர்ந்தால் வழுக்கி, எடை கொடுத்த நேரத்தில் உள்ளே போய்விடும். வெளியே நெம்புகோல் வைத்து மடக்குகிற பூட்டு நல்லது. முனைக்கு மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் வட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புல்மேட்டுக் கறுப்பு மண் மழைக்குப் பிறகு அரை அடிக்கு முனையை விழுங்கும், அதைத் தடுப்பது அந்த வட்டுதான். அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மூங்கில் கம்பை நான் மட்டம் தட்டவில்லை. வெள்ளியங்கிரிக்குப் பூண்டி அடிவாரத்தில் கம்பு வாங்கிக்கொண்டுதான் சனம் ஏழு மலையும் ஏறி இறங்குகிறது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், நன்றாகத் தேய்ந்த படிப்பாதை, ஒரே நாளில் திரும்பல் என்றால் அதுவே தாராளம். நன்றாகக் காய்ந்த, நெஞ்சளவு உயரமான, அடிக்கணு நெருக்கமாக இருக்கிற கம்பாகப் பொறுக்குங்கள். பச்சை மூங்கில் கனக்கும். முதுகில் பத்து கிலோவுக்கு மேல் ஏறினாலோ, முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தாலோ மட்டும் ஜோடி ஸ்டிக்குக்குப் போங்கள்.

குரங்கணிப் பக்கம் திட்டம் போடுகிறவர்கள் ஸ்டிக் வாங்குவதற்கு முன் வனத்துறை அனுமதியை விசாரியுங்கள். 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து இறங்குகிற வழியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், கோடையில் பாதையை மூடிவிடுவார்கள். மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் வழியாகத்தான் பதிவு.

போய் வந்ததும் ஸ்டிக்கின் துண்டுகளை முழுசாகப் பிரித்துத் துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு சேருங்கள். ஈரத்தோடு மடக்கிப் பரணில் போட்டால் உள்ளே பூத்து இறுகிவிடும், அடுத்த சீசனில் இரண்டு பேர் இழுத்தாலும் வராது. எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள், பூட்டு பிடிக்காது.