ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச்சை நம்பலாமா? அப்பாவுக்கு வாங்கலாமா?

வாங்க வேண்டாம்.

அப்பாவுக்கு 62 வயது, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், விரலில் குத்தப் பயந்து மெஷினைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை. கிளிமிபிரைடு கலந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அது சாப்பாடு தள்ளிப்போனால் சுகரைத் தாழ்த்திவிடும் மாத்திரை.

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம் நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கு. ஆக்சிஜனை வெளிச்சத்தால் பார்க்கிறார்களே, சுகரை ஏன் முடியாது என்று கேட்பார்கள். ஆக்சிஜன் ஏறினால் ஹீமோகுளோபினின் நிறமே மாறும். அதுவும் 100 மில்லி ரத்தத்தில் 13, 14 கிராம் இருக்கிறது. அதே 100 மில்லியில், சுகர் 100 என்றால், குளுக்கோஸ் 100 மில்லிகிராம். கிராமில் பத்தில் ஒரு பங்கு. நிறமும் கிடையாது. உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தையும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் சீனி அளவுதான் வரும். அகச்சிவப்பு ஒளியில் அதற்கு ஒரு சின்னத் தடயம் உண்டு. ஆனால் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் அங்கேயே ஒளியை விழுங்குகின்றன. வியர்வை, தோலின் சூடு, வார் இறுக்கம் இவை கொஞ்சம் மாறினாலே அந்தத் தடயம் மூழ்கிப்போகும்.

அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் இதைத் தெளிவாகவே சொன்னது: தோலைத் துளைக்காமல் தானாகச் சுகர் அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, பயன்படுத்தாதீர்கள். 2001இல் குளுக்கோவாட்ச் என்ற ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. அது மின்சாரத்தால் தோல்வழியே நீரை இழுத்தது, தோல் சிவந்து எரிந்தது, விரலில் குத்தி அதைச் சரிசெய்யவும் வேண்டியிருந்தது. பிறகு கடையிலிருந்தே போய்விட்டது.

'என் வாட்ச் சரியாத்தானே காட்டுது' என்று எழுத வருகிறவர்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. எப்போதும் 110, 120 என்று காட்டுகிற கருவி, சுகர் கட்டுக்குள் இருக்கும் ஆளுக்குப் பெரும்பாலும் சரியாகத்தான் தெரியும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவதற்கு முன்பு ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒருமுறை, விரலிலும் வாட்ச்சிலும் பாருங்கள். திரையில் 5.8 மாதிரி வந்தால் அது மில்லிமோல் என்ற வேறு அளவு, மில்லிகிராமுக்கு மாற்ற 18ஆல் பெருக்குங்கள். விரல் ரத்தம் 130இலிருந்து 220க்குப் போகும்போது வாட்ச் அசையாமல் நின்றால், அது எதையும் அளக்கவில்லை. அசைந்தாலும் அதை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குப் பயம் விடியற்காலைதான். மூன்று மணிக்கு வெறும் கட்டன்சாயாவோடு ஹெட்லைட் மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் மேடுபள்ளம் ஏறி இறங்கி நடக்கிறவருக்குச் சுகர் 60க்குப் போகலாம். வாட்ச் 104 என்று காட்டும். கை நடுங்குவதையும் வியர்ப்பதையும் வேலைக் களைப்பு என்று நினைத்துவிடுவார்.

குத்துவதைத் தவிர்க்கத்தான் வேண்டுமென்றால் மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சாரைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதில் மயிரிழை போன்ற நார் தோலுக்குள் இருக்கும். சில வகைகள் 14 நாள் வரும். அது தோலடி நீரைத்தான் பார்க்கிறது, ஆகவே ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பிந்தும். அந்தப் பக்கம் அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்வு காட்டும். பால்வெட்டு வியர்வையில் ஒட்டு கழன்றுபோகும், மேலே ஒரு பட்டி ஒட்ட வேண்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லையென்றால் விரலில் குத்தியே ஆக வேண்டும்.

விரலில் வலிப்பது பெரும்பாலும் குத்துகிற இடத்தால். நடுவில் குத்தாதீர்கள், மோதிர விரலின் ஓரத்தில் குத்துங்கள். ஊசி மாட்டிக் குத்துகிற பேனாவின் ஆழத்தை 2இல் தொடங்குங்கள். சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி நன்றாகத் துடைத்த கை வேண்டும். மட்டிப்பழம் உரித்த விரலோடு குத்தினால் பழத்தின் இனிப்பும் சேர்ந்து எண் ஏறிவிடும். ரத்தம் வரவில்லையென்று நுனியைப் பிதுக்காதீர்கள், கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலும் ஈரம் ஏறும். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

தினம் பத்துமுறை வேண்டாம். வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னொரு நாள் மத்தியானம் அதே மாதிரி. 70க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கட்டும், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கட்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எரிச்சல் தீரவில்லை. குத்திய ஊசியைத் தென்னை மூட்டில் எறிகிறார்கள், குப்பைக் கவரில் போடுகிறார்கள். அது குப்பை அள்ளுகிற அக்காமாரின் விரலில் ஏறுகிறது. கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்து, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

வாட்ச்சை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் அப்பா அதை நடை எண்ணக் கட்டிக்கொள்ளட்டும். சுகர் காட்டும் பக்கத்தை மட்டும் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்கள்.