விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாமா?

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, என் மகனுக்கு 22 வயது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டான். அப்புறம் கோரிமேடு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் வெல்டர் படித்து, இப்போது சேலத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறான். துபாயில் வெல்டர் வேலை, மாதம் 1,400 திர்ஹம், சாப்பாடும் ரூமும் இலவசம் என்று புதிய பஸ் நிலையம் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் சொல்கிறார். விசாவுக்கு 90,000, டிக்கெட்டுக்கு 25,000, சர்வீஸ் 45,000, மொத்தம் 1,60,000 ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல் இருக்கிறதாம். பத்தாவது சர்டிபிகேட் ஒன்று ஏற்பாடு செய்து சரிக்கட்டிவிடலாம் என்கிறார். 20,000 முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். மீதிக்கு மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் அரை ஏக்கரை அடமானம் வைக்க இருக்கிறோம். நம்பலாமா?"

அம்மா, அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நான் பதினேழு வருடம் வளைகுடாவில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் கம்பெனியில் தொழிலாளர்களுக்கு விசா எடுக்கும் பி.ஆர்.ஓ. வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலை விசாவை ஏஜெண்ட் எடுப்பதில்லை, உங்கள் மகனும் எடுப்பதில்லை. அங்கே இருக்கும் கம்பெனிதான் எடுக்கிறது. கம்பெனி முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் ஆள் கேட்டு அனுமதி வாங்கவேண்டும். வேலை, சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுதிய ஆஃபர் லெட்டர் வரும். அதில் உங்கள் மகன் கையெழுத்திட்ட பிறகு ஒர்க் பெர்மிட்டும், நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் கிடைக்கும். அந்த நுழைவு அனுமதிக்கு 60 நாள் காலக்கெடு. அதற்குள் போய் இறங்கவேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை முடித்து, கைரேகை வைத்து, எமிரேட்ஸ் ஐ.டி. என்ற அந்நாட்டு அடையாள அட்டையை வாங்கினால் இரண்டு வருடத்துக்கு அங்கே தங்கி வேலை செய்யலாம். பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தமும் பார்ப்பார்கள். காசநோய்த் தழும்பு இருந்தாலும் சிக்கல் வரும் என்பதால், கிளம்பும் முன்பே இங்கே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தச் செலவெல்லாம் கம்பெனியுடையது. துபாயும் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ல் வந்த தொழிலாளர் சட்டத்தில் (33-ஆம் எண் சட்டம்), ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. ஆக, "விசாவுக்கு 90,000" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அவரிடம் கேட்கலாம். கம்பெனிக்கு உண்மையிலேயே ஆள் தேவை என்றால், கம்பெனியே பணம் கட்டி விசா எடுக்கும். டிக்கெட்டும் பெரும்பாலும் அதுவே அனுப்பும்.

சர்வீஸ் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள ஏஜெண்ட் தொழிலாளியிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கூட்டினால் 35,400. ரசீதும் தரவேண்டும். அவர் கேட்கும் 45,000 அந்த ஒரு கணக்கிலேயே வரம்பை மீறிவிட்டது.

அடுத்தது பாஸ்போர்ட்டில் இருக்கும் "சிக்கல்". அதைச் சிக்கல் என்று சொல்வதே தவறு. உங்கள் மகன் பத்தாவது தேறாததால் அவனுடைய பாஸ்போர்ட்டில் 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்று அச்சடித்திருப்பார்கள். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பது இதைத்தான். ஐ.டி.ஐ. படித்தும் ஏன் இப்படி என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வருட ஐ.டி.ஐ. படிப்பு என்றால் விலக்கு உண்டு. வெல்டர் ஒரு வருடப் படிப்பு, அதனால் அந்த விலக்குக்குள் வராது.

இந்த முத்திரை உள்ளவர்கள் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றால், புறப்படும் முன் எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற நம் அரசாங்க அனுமதியை வாங்கவேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதைக் கொடுக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் நமக்குச் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பமெல்லாம் இப்போது இ-மைகிரேட் என்ற அரசாங்க இணையதளம் வழியாகத்தான். வேலை ஒப்பந்தம், கம்பெனியின் பெயர், சம்பளம், ஏஜெண்டின் லைசென்ஸ் எல்லாம் அதில் பதிவாகும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் கிடைக்கும். பத்தாவது தேறாத பிள்ளைகளைத்தான் எளிதில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துதான் அரசாங்கம் இந்த வேலியைப் போட்டிருக்கிறது. வேலி உங்கள் மகன் பக்கம் நிற்கிறது. ஏஜெண்டுக்கு அது இடைஞ்சல். அதனால்தான் சிக்கல் என்கிறார்.

அந்த இடைஞ்சலைத் தாண்ட அவர் இரண்டு வழி சொல்கிறார். இரண்டுமே குழிதான்.

பத்தாவது சர்டிபிகேட்டை "ஏற்பாடு செய்வது" என்றால் போலிச் சான்றிதழ். அதைக் காட்டிப் பாஸ்போர்ட் எடுப்பது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படியும் குற்றம், மோசடி வழக்கும் வரும். ஏஜெண்ட் மாட்டமாட்டார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்கள் மகனுடையது. 22 வயதுப் பையன் மேல் ஒரு வழக்கு விழுந்தால், வெளிநாடு போக போலீஸ் நன்னடத்தைச் சான்று வாங்குவதே கஷ்டமாகிவிடும்.

இரண்டாவது, விசிட் விசா. சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று விமான நிலையத்தில் சொல்லவைத்து அனுப்புவார்கள். இதற்கு ஏஜெண்டுகளிடம் 'புஷ்ஷிங்' என்று ஒரு பெயரே இருக்கிறது. குடியுரிமை கவுண்டரில் அதிகாரி நாலு கேள்வி கேட்டால் போதும், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் திணறிவிடுவான். திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது டிக்கெட் காசும் போச்சு, கொடுத்த பணமும் போச்சு. சரி, எப்படியோ தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். விசிட் விசாவில் ஒரு நாள் வேலை செய்தாலும் அங்கே சட்டவிரோதம். காலம் முடிந்தும் தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் பயப்படுவான், ஏனென்றால் புகாரில் முதலில் தெரிவது அவனுடைய தப்புதான். விசிட்டில் போய் வேலை கிடைத்து முறையாக மாறியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், கையில் காசு வைத்திருந்தவர்கள், அங்கே தங்க அண்ணனோ மாமாவோ இருந்தவர்கள். அடமானப் பணத்தில் போகிற பிள்ளைக்கு அது வழியாகாது. 2022-ல் நம் தமிழ்ப் பிள்ளைகள் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டதும் வேலை விசா இல்லாமல் போனதில் தொடங்கிய கதைதான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 1,400 திர்ஹம் 32,200 ரூபாய். மீதி 1,40,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,200 வட்டிக்கே போகும். இரண்டு வருட விசா முடிவதற்குள் வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், அசல் அப்படியே நிற்கும். இன்னொன்று: 1,400 என்பது அடிப்படைச் சம்பளமா, ஓவர்டைமையும் சேர்த்த தொகையா என்று கேளுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். அடிப்படை 800 என்று எழுதிவிட்டு, தினமும் ஓவர்டைம் செய்தால் 1,400 வரும் என்று கணக்குச் சொல்வார்கள். ஓவர்டைம் கூலியும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 1996-ல் ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். இறங்கிய அன்று ராத்திரி அரபியில் இருந்த ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் காலையில் ஷட்டரிங் பலகை தூக்க அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியவந்தபோது எட்டு மாதம் ஓடிவிட்டது. வீட்டுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் ஸ்டோரில்தான் இருக்கிறேன் என்று அம்மாவுக்குப் பொய் எழுதினேன். உங்கள் மகன் உங்களுக்கு அப்படி எழுதக் கூடாது.

இன்றைக்கு அந்த நிலைமை மாறியிருக்கிறது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கிடைக்கும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆஃபர் லெட்டரில் இருப்பதைக் குறைத்துப் பின்னால் ஒப்பந்தம் போட முடியாது. அந்தத் தாளைக் காட்டமுடியாத ஏஜெண்டிடம் வேலையே இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏஜெண்டைச் சோதிப்பது கஷ்டமில்லை. மகனையே போனில் இ-மைகிரேட் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியல் அதில் இருக்கிறது. இப்போதும் செல்லுமா, காலாவதியா, நிறுத்திவைத்ததா என்றும் தெரியும். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, முகவரியும் ஒத்துப்போகவேண்டும். "சென்னையில் பெரிய ஆபீஸ் இருக்கிறது, நான் அவர்களுடைய ஆள்" என்று சொல்லும் சப் ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படிச் சொன்னால் அந்தச் சென்னை ஆபீசுக்கே நேராகப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, 1800 11 3090 என்ற இலவச எண்ணுக்கும் கூப்பிடலாம்.

அப்படியானால் போகவே வேண்டாமா? போகலாம். வெல்டர் வேலைக்கு எங்கேயும் ஆள் தேவைப்படுகிறது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1978-லிருந்து ஆட்களை அனுப்புகிறது, அலுவலகம் சென்னை கிண்டியில். அதில் மகன் பெயரைப் பதிவு செய்யுங்கள். வேலை உடனே வராது, சில மாதம் காத்திருக்கவேண்டி வரலாம். அந்த மாதங்களை வீணாக்கவேண்டாம். பட்டறையில் ஆர்க் வெல்டிங் மட்டும் செய்கிறான் என்றால், ஆர்கான் வெல்டிங்கும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து வைத்து, அதைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைக்கும் 6ஜி சோதனையில் தேறிவிட்டால் அவன் நிலைமையே வேறு. எண்ணெய் நிறுவன வேலைகளுக்கு நேர்முகத்தில் அந்தச் சோதனை வைத்துத்தான் எடுக்கிறார்கள். கம்பெனியில் உட்கார்ந்து சம்பளம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், 6ஜி வெல்டரிடம் பேரம் பேச எங்களுக்கே தயக்கமாக இருக்கும்.

இதோடு, பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதட்டும். போலிச் சர்டிபிகேட்டுக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது. தேறிய பிறகு அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்தால் அந்த முத்திரை போய்விடும். அதற்காகத் தேர்வு முடியும்வரை வேலைக்குப் போகாமல் இருக்கவேண்டியதில்லை. முறையான வேலை வந்தால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டிலேயே கிளியரன்ஸ் வாங்கிப் போகலாம்.

கொடுத்துவிட்ட பாஸ்போர்ட்டும் 20,000 ரூபாயும். பாஸ்போர்ட்தான் முதலில். மகனோடு விவரம் தெரிந்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை போடவேண்டாம். "நிலத்துக்குப் பணம் கிடைக்கவில்லை, இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு முன்பணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். பாஸ்போர்ட்டைத் தர மறுத்தாலோ பணத்தை இழுத்தடித்தாலோ புகார் கொடுங்கள். ஆபீஸ் சேலம் நகரத்துக்குள் இருப்பதால், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அதன் நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் அனுப்புங்கள். போகும்போது முன்பணம் கொடுத்த ரசீது, ரசீது இல்லையென்றால் பணம் அனுப்பிய போன் பதிவு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்திகளை மகன் அழித்துவிடாமல் இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. "விசிட் விசா", "பத்தாவது சர்டிபிகேட்" என்று அவர் கைப்பட எழுதியிருந்தால், பணத்தைத் திருப்பி வாங்க அதைவிட வலுவான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.