சார்ஜ் தீர்ந்து அணைந்த போன் மறுபடி ஆன் ஆகவில்லையா?

இரவில் சார்ஜ் தீர்ந்து அணைந்த போன், காலையில் சார்ஜரில் போட்டும் உயிர் பெறவில்லை என்கிறீர்கள். பதற வேண்டாம். பேட்டரி அடியோடு வற்றியிருந்தால் திரையில் உடனே எதுவும் தெரியாது. அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்கு முன் டார்ச் அடித்து சார்ஜிங் போர்ட்டுக்குள் பாருங்கள். சட்டைப்பைப் பஞ்சு அடியில் அமுங்கிக் கிடந்தால் கேபிள் முழுசாக உள்ளே போகாது. மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி கூடவே கூடாது.

அப்புறமும் கருப்பாகவே இருந்தால் போன் ஹேங் ஆகியிருக்கலாம். சாம்சங்கில் பவர், வால்யூம் டவுன் இரண்டையும் சேர்த்து 10 விநாடிக்கு மேல் அழுத்துங்கள். ஐபோன் 8, அதற்குப் பின் வந்தவை என்றால் வால்யூம் அப், டவுன் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்திருங்கள்.

பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.