பழைய வண்டியின் ஸ்டியரிங் காலமும் ஷாப்ட்டும்: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் நெம்மாறை வரை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வருவார்கள். அதிகம் கேட்கப்படும் ஸ்டியரிங் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காலம் (column) என்று நாங்கள் சொல்வது ஸ்டியரிங்கைத் தாங்கும் குழாய், ஷாப்ட் என்பது அதற்குள் சுற்றும் கம்பி.

அண்ணா, அம்பாசிடரில் ஸ்டியரிங் நாலு விரல் அளவு சும்மா சுற்றுகிறது. காலத்தையே மாற்றிவிடலாமா? (வேலந்தாவளம்)

அவசரப்படாதீர்கள். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த வண்டி, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (சின்னப் பல் சக்கரம் சுற்றி, ரேக் என்ற பல் வெட்டிய கம்பியை இடம் வலமாகத் தள்ளும்). ப்ளே, அதாவது அந்தச் சும்மா சுற்றும் ஆட்டம், பெரும்பாலும் கீழேதான் இருக்கும். சக்கரம் தரையில் இருக்கட்டும். ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் உள்ளங்கையை வையுங்கள். தேய்ந்த டை ராடு எண்ட் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை மூட்டு) கைக்குள் 'டக்' என்று தட்டும். ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள்.

அப்புறம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் அதற்கு உள்ளே உள்ள மூட்டு. இத்தனையும் பார்த்த பிறகுதான் காலத்தைத் தொட வேண்டும்.

நான் உயரம். ஸ்டியரிங் நெஞ்சுக்கு மிக அருகில் வருகிறது. ஷாப்ட்டை இரண்டு அங்குலம் வெட்டி வெல்டு வைத்துத் தருவதாக லேத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா? (மீனாட்சிபுரம்)

வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

நான் தொழில் பழகிய நாட்களில் வேறொரு பட்டறையில் வெல்டு வைத்த வண்டி ஒன்றை நெல்லியாம்பதிக்கு ஓட்டிப் போனேன். போத்துண்டி அணை தாண்டினால் பத்து ஹேர்பின் வளைவு. இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டியரிங் கையில் லேசாகச் சுற்றியது, சக்கரம் திரும்பவில்லை. நல்லவேளையாக மலைப்பக்கத்து ஓடையில் முட்டி நின்றது. ஷாப்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது, மீதிப் பாதி புது வெள்ளிபோல் மின்னியது. அந்தப் பழுப்புப் பாதி பல நாட்களுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது. மேலே பெயிண்ட் அடித்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஸ்டியரிங் ஷாப்ட் சாதாரண இரும்பு அல்ல. வெல்டு சூட்டில் பக்கத்து இரும்பின் குணமே மாறும். தையல் தாங்கினாலும் அதன் ஓரம் விடும். நீளம் குறைய வேண்டுமானால் ஒரே கம்பியில் இரண்டு முனையிலும் ஸ்பிளைன் (நீளவாக்கில் பல்) வெட்டிய புது ஷாப்ட் போடுங்கள். இல்லையென்றால் இருபுறம் தட்டையாக்கிய ஷாப்ட்டும் அதற்குரிய யூ ஜாயிண்ட்டும் (இரண்டு ஷாப்ட்டைச் சாய்வாக இணைத்துச் சுற்றவைக்கும் மூட்டு) போடுங்கள். ஜாயிண்ட்டின் திருகு உட்காரும் இடத்தில் ஷாப்ட்டில் சின்னக் குழி போட்டு, திருகைப் பசை போட்டு இறுக்கி, மேலே லாக் நட் போடுங்கள். ஜாயிண்ட்டுக்கும் ஷாப்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். நகர்ந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அதற்கெல்லாம் முன், சீட்டைப் பின்னால் தள்ள முடியுமா என்று பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஸ்டியரிங் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த கிளாம்ப்பை வெல்டு வைத்து அடைத்துவிடலாமா? (சித்தூர்)

கூடவே கூடாது. அந்தக் கிளாம்ப்தான் ஹெரால்டின் பெருமை. மோதினால் மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். மடங்காத ஷாப்ட் என்றால் மோதலில் ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு வரும். முன்மோதலில் ஸ்டியரிங் காலம் ஓட்டுநர் பக்கம் தள்ளி வருவதற்கு அமெரிக்கா 1968-ல்தான் அளவு வைத்தது. ஹெரால்டு அதற்கும் முந்தியது. போல்ட்டை மாற்றி, சரியாக இறுக்குங்கள்.

ஜீப்பில் வேறு டீசல் எஞ்சின் ஏற்றினேன். சைலன்சர் குழாய் ஷாப்ட்டின் வழியில் வருகிறது. யூ ஜாயிண்ட் எத்தனை போடலாம்? (நெம்மாறை)

இரண்டு போதும் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது போட்டால் நடு ஷாப்ட்டைத் தாங்க சேசிஸில் ஒரு பேரிங் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அது துள்ளும். ஒரே ஜாயிண்ட்டை 30 டிகிரிக்கு வளைத்தால் ஷாப்ட்டின் வேகம் 15 சதவீதம் வரை ஏறி இறங்கும். ஒரு சுற்றில் ஸ்டியரிங் இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகும். 15 டிகிரியில் அந்த வித்தியாசம் மூன்று நான்கு சதவீதம்தான். இரண்டு ஜாயிண்ட்டிலும் சாய்வைச் சமமாகப் பங்கிட்டு, நடு ஷாப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே திசையில் இருக்கும்படி பூட்டினால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். ரப்பர் கப்ளிங் இருந்தால் சைலன்சரிலிருந்து தள்ளி வையுங்கள், சூட்டில் உதிரும்.

பழைய பியட்டில் சின்னக் காரின் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலத்தைப் பொருத்தலாமா? (கோபாலபுரம்)

பொருத்திப் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் வண்டியில் மின்சாரம் தருவது பழைய டைனமோவா, அதைவிட அதிகம் தரும் ஆல்டர்னேட்டரா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். பார்க்கிங்கில் பவர் ஸ்டியரிங் மோட்டார் கேட்பதை அதனால் கொடுக்க முடியாது, பேட்டரிதான் காலியாகும். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இதில் இறங்காதீர்கள்.

செக்போஸ்ட்டில் பிரச்சினை வருமா? (வாளையார்)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் வைத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் கேளுங்கள். 50 வருடம் தாண்டி 'வி.ஏ.' வரிசை விண்டேஜ் பதிவுக்குப் போகிறவர்கள் வண்டியை மூல வடிவத்தில் வைத்திருக்க வேண்டும். கழற்றிய பாகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வேலை முடித்ததும் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. (முதலமடை)

சக்கரத்தைத் தூக்கி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பாதியில் நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கழற்றி நேராகப் போடுங்கள். மீதியை அலைன்மென்ட்டில் இரண்டு டை ராடையும் திருகிச் சரிசெய்யலாம், ஒரு பக்கத்தை மட்டும் திருகாதீர்கள்.