பலத்தை நம்பும் ரோக்: ‘அடியாள்’ சப்கிளாஸ் அமைப்பது எப்படி?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி நடத்துகிறேன். ஆட்டக்காரர் ஒருவர் கையில் சுத்தியலோடு வாட்டசாட்டமான ரோக் (பதுங்கித் தாக்கும் திருட்டுப் பாத்திரம்) வேண்டும் என்கிறார். ஸ்னீக் அட்டாக்கை (வாய்ப்புப் பார்த்து ரோக் அடிக்கும் கூடுதல் அடி) ஸ்ட்ரெங்த்துக்கு (உடல் பலம்) மாற்றிவிட்டால் போதுமா? தனி சப்கிளாஸ் (ரோக்கின் உட்பிரிவு) என்றால் எந்த லெவலில் எதைக் கொடுப்பது?

பதில்: முதல் மாற்றம் தேவையே இல்லை. ஸ்னீக் அட்டாக்குக்கு ஃபினெஸ் (லாவகமாக வீசும்) ஆயுதமோ ரேஞ்ச்டு (தூரத்திலிருந்து தாக்கும்) ஆயுதமோ வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. டெக்ஸ்டெரிட்டியால் (சுறுசுறுப்பு) அடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ரேபியரை ஸ்ட்ரெங்த்தால் வீசினாலும் ஸ்னீக் அட்டாக் விழும். ஆக, உங்கள் ஆட்டக்காரர் இன்றைக்கே ஸ்ட்ரெங்த் ரோக் ஆடலாம், ஆடினால் நொந்துபோவார். ஏசி (அடி படாமல் காக்கும் எண்) குறையும், இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முந்துவது என்ற உருட்டல்) குறையும், பதிலுக்கு உருப்படியாக எதுவும் வராது. டெக்ஸ்டெரிட்டி வைத்திருப்பவருக்கு எளிதில் கிடைக்காத ஒன்றை ஸ்ட்ரெங்த்துக்குத் தருவதுதான் சப்கிளாஸின் வேலை. பெரிய ஆயுதத்தைத் தரலாம் என்று பலருக்கும் தோன்றும். அதை விட்டு கிராப்பிளை, அதாவது எதிரியைப் பிடித்து நிறுத்துவதைத் தாருங்கள்.

ரோக் முதல் லெவலிலேயே அத்லெட்டிக்ஸில் (கிராப்பிளுக்கு உருட்டும் ஸ்ட்ரெங்த் திறன்) எக்ஸ்பர்டைஸ் (இரட்டிப்புத் தேர்ச்சி) எடுக்கலாம். மூன்றாம் லெவலில் ஸ்ட்ரெங்த் 16 என்றால் போனஸ் +7. ஸ்ட்ரெங்த் 19 உள்ள ஓகர் என்ற அரக்கனின் போனஸ் +4. இருவரின் உருட்டலும் சமமாக விழுந்தால் பிடி விழாது என்பதையும் கணக்கில் சேர்த்தால் நூற்றுக்கு 62 முறை ஓகர் மாட்டிக்கொள்ளும். ஆனால் கிராப்பிள் ஒரு தாக்குதலை விழுங்கும், ரோக்குக்கு இருப்பதே ஒரு தாக்குதல். பிடித்தால் அடிக்க முடியாது, அடித்தால் பிடிக்க முடியாது. லைட் ஆயுதம் இரண்டு ஏந்தினாலும் தப்பவில்லை: போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) அடி வேண்டுமென்றால் அதற்கு முன் லைட் ஆயுதத்தால் தாக்கியிருக்க வேண்டும். பலசாலி ரோக் முயற்சிகள் பெரும்பாலும் முட்டி நிற்பது இங்கேதான். டேமேஜை எவ்வளவு ஏற்றினாலும் இது தீராது.

எனவே மூன்றாம் லெவலில் மூன்று விஷயங்கள். கன்னிங் ஆக்‌ஷன் (கூடுதல் செயலாக ரோக் செய்யக்கூடியவை) பட்டியலில் கிராப்பிளையும் ஷவ்வையும் (தள்ளுதல்) சேருங்கள். தான் பிடித்து வைத்திருக்கும் எதிரி மேல், டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் குறைந்ததை எடுப்பது) இல்லாதவரை, அட்வான்டேஜோ (கூடியதை எடுப்பது) பக்கத்தில் கூட்டாளியோ இல்லாமலே ஸ்னீக் அட்டாக் விழும் என்று எழுதுங்கள். ஒரு கையால் ஏந்தும் மார்ஷியல் ஆயுதங்களிலும் மீடியம் கவசத்திலும் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) கொடுத்து, ஹெவி, டூ-ஹேண்டட், ரீச் என்ற பண்புகள் இல்லாத எந்த மெலீ (அருகில் நின்று தாக்கும்) ஆயுதத்தையும் ஸ்ட்ரெங்த்தால் வீசினால் ஸ்னீக் அட்டாக்குக்குச் செல்லும் என்று முடியுங்கள்.

இந்த ஆயுத வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஆட்டக்காரர் கெஞ்சுவார், இளகாதீர்கள். வார்ஹாமர் மூன்றாம் லெவலில் சராசரி 14.5 அடிக்கும்: டி8 (எட்டு முகப் பகடை), ஸ்ட்ரெங்த் 3, ஸ்னீக் அட்டாக் 2டி6 (இரண்டு ஆறு முகப் பகடை). அதே லெவலில் டெக்ஸ்டெரிட்டி ரோக்கின் ரேபியரும் அதையேதான் அடிக்கிறது. கிரேட்சோர்டு கொடுத்தால் 17. இந்த இரண்டரைப் புள்ளியால் குடி முழுகாது. கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (விரும்பி எடுக்கும் சிறப்புத் திறன்) அதோடு சேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் +10 ஏற்றும்போதுதான் கதை கந்தலாகும். பார்பேரியன் என்ற வேறு கிளாஸில் இரண்டு லெவல் எடுத்து ரெக்லஸ் அட்டாக்கையும் (அட்வான்டேஜோடு அடிப்பது) வாங்கிவிட்டால், அந்த ஃபீட் தாக்கும் உருட்டலில் கழிக்கும் 5 இருப்பதே தெரியாது. லாங்சோர்டை இரண்டு கையால் பிடித்து டி10 உருட்டிக்கொள்ளட்டும், பாதகமில்லை. கிராப்பிளுக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டுமே. இதே காரணத்தால் கேடயப் ப்ரொஃபிஷியன்சியும் வேண்டாம்.

பாயின்ட் பை (புள்ளி கொடுத்துத் திறன் எண் வாங்கும் முறை) தரும் 27 புள்ளிகளில் ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14, விஸ்டம் 12, மற்ற இரண்டும் 8. இன போனஸில் +1 ஸ்ட்ரெங்த்துக்கும் +2 கான்ஸ்டிட்யூஷனுக்கும் போனால் இரண்டுமே 16. 50 பொற்காசு செயின் ஷர்ட்டில் ஏசி 15. பிறகு 400 பொற்காசு சேர்ந்ததும் பிரெஸ்ட்பிளேட், ஏசி 16. ஸ்டடெட் லெதர் போட்ட, டெக்ஸ்டெரிட்டி 18 உள்ள ரோக்குக்கும் அதே 16தான். இரண்டு கவசமும் ஸ்டெல்த்தைக் கெடுப்பதில்லை. ஸ்ட்ரெங்த்தை ஏசியில் கூட்டும் அம்சம் எழுத ஆசை வரும். எழுதினால் டெக்ஸ்டெரிட்டியை 8இல் விட்டுவிடுவார்கள், பிறகு பதுங்கத் தெரியாத ரோக்தான் மிஞ்சும்.

இந்த சப்கிளாஸ் சூடுபிடிப்பது இரண்டாவது டர்னில். முதல் டர்னில் பிடித்து அடித்தாயிற்று. அடுத்த டர்னில் போனஸ் ஆக்‌ஷனில் ஷவ் செய்து கீழே தள்ளினால், பிடியால் வேகம் பூஜ்யமான எதிரி எழுந்திருக்க முடியாது; எழ வேகத்தில் பாதி செலவாக வேண்டும். ஐந்தடிக்குள் நிற்கும் எல்லோருக்கும் அட்வான்டேஜ். தூரத்தில் நிற்கும் வில்லாளிக்கோ டிஸ்அட்வான்டேஜ். குழுவில் வில்லாளி இருந்தால் தள்ளுவதா வேண்டாமா என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். இவ்வளவுக்கும் விலை அந்த போனஸ் ஆக்‌ஷன்தான்: பிடிக்கிற டர்னில் ஒளியவோ நழுவவோ முடியாது.

ஒன்பதாம் லெவலில் பிடியின் ஓட்டைகளை அடையுங்கள். தன்னைவிட ஒரு சைஸ் பெரியதற்கு மேல் கிராப்பிள் செல்லாது. மீடியம் ஆள் ஓகரைப் பிடிக்கலாம், ஹியூஜ் சைஸ் ஹில் ஜயன்ட்டை முடியாது. அப்படிப்பட்டவற்றின் மேல் தொற்றிக்கொள்ள விடுங்கள்: அதே அத்லெட்டிக்ஸ் போட்டி, ஜெயித்தால் எதிரியின் வேகம் குறையாது, ரோக் அதோடு சேர்ந்து நகர்வார், ஸ்னீக் அட்டாக் நிபந்தனை மட்டும் நிறைவேறும். தன் சைஸ் அல்லது அதைவிடச் சிறிய எதிரியை இழுத்துப் போகும்போது வேகம் பாதியாகாது என்பதையும் இங்கேயே சேருங்கள். சண்டைக்கு வெளியேயும் ஒன்று வேண்டும்: அத்லெட்டிக்ஸால் கதவையோ பூட்டையோ உடைக்கும் சத்தம் 30 அடிக்கு மேல் கேட்காது. கோஸ்ட் போல கிராப்பிளுக்கே அசையாதவை இருக்கும், இருக்கட்டும். அங்கே எல்லா ரோக்கையும் போல இவரும் கூட்டாளியை நம்பட்டும்.

பதின்மூன்றில், பிடித்திருக்கும் எதிரியையே கேடயமாக்கலாம்: மற்றவர்களின் தாக்குதலுக்கு எதிராக ஹாஃப் கவர், அதாவது ஏசிக்கும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் (ஆபத்தைத் தவிர்க்கும் உருட்டல்) +2. அடியை எதிரி மேல் திருப்பிவிடும் ரியாக்‌ஷன் வேண்டாம். ரோக்கிடம் ஏற்கெனவே உள்ள, அடியைப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜோடு மோதும், ஒவ்வொரு அடிக்கும் மேஜையில் வாக்குவாதம் வரும். பதினேழில், பிடியில் இருப்பவர் மேல் ஸ்னீக் அட்டாக் விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ். தோற்றால் ரோக்கின் அடுத்த டர்ன் முடியும்வரை ஸ்டன் (செயலிழப்பு). டிசி (சேவ் எட்ட வேண்டிய எண்) 8 + ஸ்ட்ரெங்த் போனஸ் + ப்ரொஃபிஷியன்சி போனஸ். அந்த லெவலில் 19 வரும். ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு முறை போதும்.

எந்த லெவலிலும் அத்லெட்டிக்ஸுக்கு அட்வான்டேஜோ கூடுதல் டையோ எழுதிவிடாதீர்கள். பதினொன்றில் ரிலையபிள் டேலன்ட் (பகடை 10க்குக் கீழே விழுந்தாலும் 10 ஆகக் கொள்வது) வந்ததும், ஸ்ட்ரெங்த் 20 உள்ளவரின் மிகக் குறைந்த உருட்டலே 23. ஓகர் 19 அல்லது 20 உருட்டினால்தான் பிடிபடாமல் தப்பும். 2024 விதிகளுக்கு மாறினால் நிலைமை வேறு: அங்கே கிராப்பிளுக்கு எதிரி சேவிங் த்ரோ போடுகிறார், எக்ஸ்பர்டைஸ் பிடிப்பதற்கு உதவாது, மூன்றாம் லெவலில் டிசி 13தான். அப்படியானால் கன்னிங் ஆக்‌ஷனில் அன்ஆர்ம்டு ஸ்ட்ரைக்கின் கிராப்பிள், ஷவ் தேர்வுகள் மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் இலவசமாக ஒரு குத்தும் விழும்.

ஆட்டத்துக்குக் கொண்டுவருமுன் மூன்றாம் லெவலில் ஓகரோடும், ஒன்பதில் ஹில் ஜயன்ட்டோடும் கோஸ்ட்டோடும் ஓட்டிப் பாருங்கள். ஓகர் எழவே முடியாமல் செத்துப்போனால் போனஸ் ஆக்‌ஷனிலிருந்து ஷவ்வை மட்டும் எடுத்து ஒன்பதாம் லெவலுக்குத் தள்ளுங்கள். கிராப்பிளில் கை வைக்காதீர்கள்.