டபிள் ஓ டீசல் எஞ்சின்களுக்குச் சில்லை மாற்றினால் ஃபைன்ஸ்கேல் லேஅவுட்டில் ஓடுமா?

கையில் நாலைந்து டபிள் ஓ (கடையில் விற்கிற பிரிட்டிஷ் மொடல் ரயில் அளவு) டீசல் எஞ்சின் இருக்கிறது, ஃபைன்ஸ்கேலில், அதாவது தண்டவாளமும் சில்லும் உண்மையான அளவுக்கு நெருங்கி வருகிற மாதிரி, ஒரு லேஅவுட் (மொடல் ரயில் பாதை) கட்ட ஆசை, எஞ்சின்களுக்குச் சில்லை (சக்கரத்தை) மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை இதெல்லாம் காசைக் கரியாக்குகிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் 'சில்லு மாற்றுவது ஒரு பின்னேர வேலை, அதற்கு மேல் யோசிக்காதீர்கள்' என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. சில்லு மாற்றுவது ஒரு பின்னேர வேலைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. எஞ்சினுக்குள் எல்லாவற்றையும் தாங்குகிற உலோகச் சட்டம் ஒன்று, எஞ்சின் ஓடப்போகிற பொயின்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம், இன்னொன்று. இரண்டையும் விட்டுவிட்டுச் சில்லில் கை வைத்தவர்கள்தான் பிறகு 'ஃபைன்ஸ்கேல் எல்லாம் சரிவராது' என்று சொல்லித் திரிகிறார்கள்.

நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், வைத்திருப்பது பிரிட்டிஷ் ரயில்வே டீசல்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு நாட்டு எஞ்சின் என்றால் கணக்கு மாறும்.

கணக்கு இதுதான். நாங்கள் 4 மி.மீ.க்கு ஒரு அடி என்று மொடல் செய்கிறோம். உண்மையான தண்டவாளத்தின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அது 18.83 மி.மீ. வர வேண்டும். கடையில் விற்கிற டபிள் ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. தான், அதாவது கிட்டத்தட்ட 4 அடி ஒன்றரை அங்குலம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் சிறியவை, அந்தக் காலத்து மோட்டர் உள்ளே போகாது, அதனால் உடம்பைப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை எச்ஓ (அடிக்கு மூன்றரை மி.மீ. என்ற சிறிய மொடல் அளவு) அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. எஞ்சின் நேரே உங்களைப் பார்த்து வரும்போது, அகலமான உடம்புக்குக் கீழே சில்லு இரண்டும் உள்ளே ஒடுங்கி நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இதற்கு வழி இரண்டு. ஈ.எம். என்றால் 18.2 மி.மீ., பி4 என்றால் சரியான 18.83. நான் ஈ.எம். ஆள். பி4 காரர்கள் இதைப் படித்தால் 'அவ்வளவு தூரம் போனவர் மிச்ச அரை மில்லிமீட்டரும் போயிருக்கலாமே' என்பார்கள், நியாயம்தான். அவர்களுடைய வேலையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவன் நான். ஆனால் பி4 சில்லின் விளிம்பு ஆழம் அரை மி.மீ.கூட இல்லை, ஆகவே ஒவ்வொரு அச்சும் ஸ்பிரிங்கிலோ அசைகிற தாங்கியிலோ இருக்க வேண்டும், பலகை ஒரு மயிரிழை முறுக்கினாலும் தடம் புரளும். குளிர் காலத்தில் ஒரு விதமாகவும் கோடையில் ஒரு விதமாகவும் இருக்கிற கிழக்கு லண்டன் கராஜில் எனக்கு ஈ.எம். போதும். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

இனி என் எஞ்சினின் கதை.

என்னுடையது கிளாஸ் 31. பிரஷ் கொம்பனி லஃப்பரோவில் 1957 இலிருந்து 1962 வரை கட்டிய 263 எஞ்சின்களில் ஒன்றின் மொடல். ஏன் அதுதான் என்றால், அதற்கு முந்திய பரம்பரை எங்கள் ஊரில் இருக்கிறது. 1950களில் பிரஷ் பக்னல் சிலோன் ரயில்வேக்கு 25 டீசல் எஞ்சின் கட்டிக் கொடுத்தது, எம்1 என்று பெயர். அதே ஏ1ஏ–ஏ1ஏ அமைப்பு, அதாவது ஒவ்வொரு போகியிலும் (எஞ்சினுக்குக் கீழே அச்சுகளைத் தாங்கித் திரும்புகிற சட்டத்திலும்) மூன்று அச்சு, ஓரத்து இரண்டுக்கும் மோட்டர், நடு அச்சு பாரம் தாங்க மட்டும். உள்ளே மிர்லீஸ் எஞ்சின். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் ரயில்வேக்கு பிரஷ் கட்டிய டி5500 உம், அதாவது 31 வகையின் முதல் எஞ்சினும், அதே அச்சு அமைப்பில், மிர்லீஸ் எஞ்சினோடுதான் வந்தது. சின்ன வயதில் மருதானையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எம்1 ஐப் பார்த்தவன், எண்பதுகளில் இங்கே வந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் டிப்போ பக்கம் ஒரு 31 உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்கு விளங்கும். டி5500 முதன்முதலில் வேலைக்குப் போனதும் அதே ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத்தான். அந்த இடத்தில் இன்றைக்கு டிப்போ இல்லை.

மொடலைப் புதிதாக வாங்கி, லேஅவுட் தயாராகும் வரை பெட்டியோடு அலுமாரியில் வைத்திருந்தேன். சில்லு மாற்றலாம் என்று ஒரு நாள் எடுத்தால் உடம்பின் இரண்டு முனையும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. கழற்றப் போனால் உடம்பு வரமாட்டேன் என்கிறது. மெல்ல மெல்ல நெம்பி எடுத்தபோது உள்ளே இருந்த வார்ப்புச் சட்டத்தில் நீளத்துக்கும் வெடிப்பு, விரல் நகத்தால் தட்டினாலே சாம்பல் நிறத் துண்டாக உதிர்கிறது. இதை மசாக் நோய் என்பார்கள். மசாக் என்பது துத்தநாகக் கலப்புலோகம். வார்க்கும்போது அதில் ஈயம் போன்ற அழுக்கு கொஞ்சம் கலந்துவிட்டாலும் வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடித்து, தூளாகும். ஈரமும் சூடும் இருந்தால் சீக்கிரம் நடக்கும். மருந்து கிடையாது. செய்த கொம்பனிக்கு எழுதினேன். அந்தச் சட்டம் இப்போது கையிருப்பில் இல்லை என்று இரண்டு வரியில் பதில். கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பெயர் சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும், வார்ப்பு மோசமாக வருவது ஒரு கொம்பனியோடு முடிகிற விஷயமும் இல்லை. ஆனால் பெட்டி திறக்காமலே விற்கிறேன் என்று பழைய எஞ்சினை விற்கிறவர்களிடம் நான் சொல்வது, உடம்பைக் கழற்றிச் சட்டத்தைக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

உடம்பு நல்ல உடம்பு, மோட்டரும் நல்ல மோட்டர். எறிய மனமில்லை. பித்தளையில் புதுச் சட்டம் கட்டினேன். இரண்டு எல் வடிவக் கீலம், நடுவில் தகடு, சோல்டர் வைத்து ஒரு நீளப் பெட்டி, அதில் மோட்டருக்கு ஒரு தொட்டில். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போகிகளின் மைய தூரத்தை உடைந்த வார்ப்பிலிருந்து அளக்கக் கூடாது, அது ஏற்கனவே வீங்கி நீண்டிருக்கிறது. உண்மையான எஞ்சினின் வரைபடத்திலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டும். பாரத்துக்கு ஈயத் தகடு வைத்தால் அதை எபொக்சியால் ஒட்டுங்கள், வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையோடு சேர்ந்தால் ஈயமும் காலப்போக்கில் வீங்கும், ஒரு வீக்கத்தை எடுத்துவிட்டு இன்னொரு வீக்கத்தை உள்ளே வைத்த கதையாகிவிடும்.

சட்டம் சரி என்றால் சில்லுக்கு வரலாம். டீசலில் இது நீராவி எஞ்சின் போலக் கரைச்சல் இல்லை, இணைக்கிற தண்டுகள் கிடையாது, சில்லெல்லாம் போகிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மாற்றுச் சில்லு அச்சோடும் பற்சில்லோடும் தயாராக விற்கிறார்கள், ஓடர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். ஈ.எம். இல் சில்லின் முதுகுக்கு முதுகு, அதாவது ஒரே அச்சில் இருக்கிற இரண்டு சில்லின் உள்பக்கங்களுக்கு இடையிலான தூரம், 16.5 மி.மீ. டபிள் ஓவில் தண்டவாளத்துக்கு எந்த அளவோ அதே அளவு, மனதில் வைத்துக்கொள்ள இலேசு. ஒவ்வொரு அச்சையும் அளவுகோல் கட்டையால் சரிபாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். 31 இல் மோட்டர் உள்ள சில்லின் விட்டம் 3 அடி 7 அங்குலம், நடுச் சில்லு 3 அடி மூன்றரை அங்குலம். மொடலில் 14.3 உம் 13.2 உம். இரண்டையும் ஒரே அளவில் போட்டால் தோற்றமும் பிழை, ஓட்டமும் பிழை, ஏனென்றால் நடு அச்சு கொஞ்சம் மேலே கீழே ஆடச் சுதந்திரமாக இருந்தால்தான் ஓரத்து நான்கு சில்லும் தண்டவாளத்தில் அழுந்தி நிற்கும். சில்லு வெளியே போவதால் மின்சாரம் எடுக்கிற பொஸ்பர் பிரொன்ஸ் தகடுகளையும் பக்கத்துக்கு ஒரு மி.மீ. வெளியே வளைக்க வேண்டும்.

பிறகு பிரேக் கட்டை. யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். போகியோடு சேர்த்து வார்த்த பிரேக் கட்டைகள் டபிள் ஓ சில்லுக்கு நேரே இருக்கும். சில்லு 0.85 மி.மீ. வெளியே போய்விட்டது, கட்டை பழைய இடத்தில். மெல்லிய வாளால் அறுத்து, பிளாஸ்டிக் கீலம் வைத்து, சில்லு தண்டவாளத்தில் உருளுகிற பரப்புக்கு நேரே ஒட்டுங்கள். ஒரு போகிக்கு ஒரு பின்னேரம் போகும். அதைச் செய்து பெயின்ட் அடித்துவிட்டுத் தரை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் அது நூறு தொன் இரும்பு என்று நம்பலாம்.

சத்தமும் போட ஆசைப்படுவீர்கள், டி.சி.சி. (டிஜிட்டல் கட்டுப்பாட்டு) டிகோடரும் ஸ்பீக்கரும் எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் காலத்தைப் பாருங்கள். மிர்லீஸ் எஞ்சின்களில் வெடிப்பு வந்ததால் அறுபதுகளில் எல்லா 31 களுக்கும் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் 12 சிலிண்டர் எஞ்சின் மாற்றிப் போட்டார்கள், 1470 குதிரை வலு. இன்றைக்கு மிஞ்சி நிற்கிற எந்த 31 ஐத் தட்டினாலும் அந்தச் சத்தம்தான் வரும், யோர்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தினுடைய டி5500 உட்பட. 1959 என்று லேஅவுட் போட்டுவிட்டு இங்கிலிஷ் எலெக்ட்ரிக் சத்தம் விட்டால் எனக்குக் காது கூசும். நான் 1986 போட்டிருக்கிறேன், அதனால் தப்பு இல்லை.

இதெல்லாம் சொன்னாலும், உண்மையில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எஞ்சின் இல்லை, பொயின்ட். பி6 என்ற அளவில் ஒரேயொரு பொயின்ட்டைக் கையால் கட்டுங்கள். ஈ.எம். இல் ஆயத்தப் பொயின்ட்டும் இப்போது கிடைக்கிறது, அதை வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஒன்றையாவது கட்டினால்தான் எஞ்சின் ஏன் ஓடுகிறது, ஏன் ஓடவில்லை என்று விளங்கும். சிலிப்பர் கட்டை 34 மி.மீ. நீளம், 3.3 அகலம், 10 மி.மீ.க்கு ஒன்று. கடைத் தண்டவாளத்தில் இவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், இங்கே உண்மையான இடைவெளி வந்தவுடனேயே பாதி வடிவு வந்துவிடும். இரண்டு தண்டவாளத்தை அரத்தால் சீவி, கூர் முனையில் சோல்டர் வைத்துச் சேர்க்கிற குறுக்கு மூக்குத்தான் முழு உயிரும். அதற்குப் பக்கத்தில் சில்லு போகிற இடைவெளி சரியாக ஒரு மி.மீ. ஒரு மி.மீ. தகட்டைச் செருகினால் இறுக்கமாகப் போய் வர வேண்டும். டபிள் ஓவில் இந்த இடைவெளி பெரிது, சில்லு அதற்குள் விழுந்து எழும்பும், எஞ்சின் தலையை ஆட்டும். என் 31 அந்த மூக்கின் மேல் நடை வேகத்தில் போகும்போது கூரை ஒரு சொட்டும் அசையாது. பெருமையாகத்தான் சொல்கிறேன், பெருமைப்பட உரிமை இருக்கிறது.

காசைக் கரியாக்கும் வேலையா என்று கேட்டீர்கள். அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. எங்கள் சனம் ஹோல் (மண்டபம்) எடுத்து ஒரு பிறந்தநாளுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு முழு லேஅவுட் கட்டலாம். அதை யாரும் கரி என்பதில்லை. 'இந்த வயதில் விளையாட்டுச் சாமானா' என்று என் வீட்டுக்கு வந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. சாவகச்சேரி ஸ்டேஷனின் பழைய கட்டடத்தை மொடல் செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர் எல்லாரிடமும் ஒரு படம் கேட்டேன். இலங்கை அகலப் பாதை ஐந்தரை அடி, 4 மி.மீ. கணக்கில் அச்சொட்டாக 22 மி.மீ. வருகிறது, ஒரு எம்1 ஐக் கட்டி அதற்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆசை. 1990 இல் கோச்சி (ரயில்) நின்றது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போனது, 2014 இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் யாழ்தேவி வந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று எடுத்த கல்யாணப் படம், வழியனுப்பிய படம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கும், ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. இங்கே ஆங்கிலேயர்கள் ஒரு சாமான் கொட்டகையின் கதவுப் பிணைச்சல்வரை அளந்து வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இடிந்த ஸ்டேஷனுக்கு ஒரு அளவு இல்லை. இதை வாசிக்கிற யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கீழே போடுங்கள், அசலை வைத்துக்கொள்ளுங்கள், பிரதி போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புது எஞ்சின் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். இருக்கிற எஞ்சின்களின் உடம்பைக் கழற்றிச் சட்டத்தில் மயிர்போல வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஈ.எம். அளவுகோல் கட்டைகளையும் ஒரு பொயின்ட்டுக்கான சாமானையும் வாங்குங்கள். தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் தாங்கிகளை ஒட்டுகிற பியூட்டனோன் என்ற கரைப்பானின் மணம் தலையைப் பிளக்கும், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பொயின்ட் முடிந்த பிறகு, மிக எளிதான ஒரு எஞ்சினுக்கு மட்டும் சில்லு ஓடர் கொடுங்கள். சட்டத்தில் வெடிப்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.