ஒரே வயலில் ஆண்டுதோறும் கோதுமை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஹார்பெண்டனில், ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் பிராட்பால்க் வயலில் 1843 முதல் குளிர்காலக் கோதுமை பயிராகிறது. வயலைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு உரமிட்டும் ஒன்றுக்கு உரமே இடாமலும் விளைச்சலை ஒப்பிடுகிறார்கள். இந்த ஆய்வைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: குளிர்காலக் கோதுமை என்றால் குளிரில் விளைவதா?

விளைவது கோடையில்தான். அக்டோபர் வாக்கில் விதைத்து ஆகஸ்டில் அறுப்பார்கள். இளம்பயிரில் போதிய குளிர் பட்டால்தான் ஒழுங்காகக் கதிர் விடும்.

கேள்வி: மழை கூடினால் மகசூலும் கூடத்தானே வேண்டும்?

அந்த ஊரில் பெரும்பாலும் நேர்மாறு. குளிர்காலத்தில் பயிர் சிறிசு. வேரால் அதிகம் உறிஞ்ச முடியாது. அப்போது பெய்யும் மழை, பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் மண்ணிலுள்ள நைட்ரேட்டைக் கரைத்து அடியில் இறக்கிவிடும். 1849இல் பாத்திகளுக்கு அடியில் வடிகால் ஓடுகள் பதித்தார்கள். 1860களில் அந்த வடிநீரைச் சோதித்த வேதியியலாளர் அகஸ்டஸ் வோல்க்கர், தழைச்சத்து எவ்வளவு வீணாகிறது என்று காட்டினார். பிறகு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் பல்லாண்டு மகசூலையும் மழைக் கணக்கையும் பொருத்திப் பார்த்து, சராசரிக்கு மேல் பெய்யும் மழை பெரும்பாலும் விளைச்சலைக் குறைக்கிறது என்று 1924இல் எழுதினார். அடைமழை ஆண்டான 1879இல் விளைச்சல் படுத்தேவிட்டது.

கேள்வி: வெயில் கூடினால்?

மணி பிடிக்கும் ஜூன், ஜூலையில் சூடு மிஞ்சினால் பயிர் சீக்கிரம் முதிர்ந்துவிடும், மணி சிறுத்துப்போகும்.

கேள்வி: உரமே காணாத பாத்தியில் இன்னுமா விளைகிறது?

விளைகிறது, எக்டேருக்கு ஏறத்தாழ 1 டன். சக்கிமுக்கிக் கல் கலந்த களிப்பாங்கான மண், அடியில் சுண்ணாம்புப் பாறை. களிமண் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. மக்கிலிருந்தும் மழையிலிருந்தும் சிறிது தழைச்சத்து கிடைக்கிறது. ஒரு மண்ணின் சொந்தப் பலம் எவ்வளவு என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: தொழு உரமா, ரசாயன உரமா?

ஆண்டுக்கு எக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெறும் பாத்தியில் கரிமச்சத்து, உரமிடாத பாத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மண் பொலபொலவென்று இருக்கும், ஈரம் நிற்கும், கலப்பை இலகுவாக இறங்கும். ஆனாலும் பயிர் கேட்காத இலையுதிர் காலத்தில் எரு மக்கி விடும் நைட்ரேட்டும் மழையோடு போய்விடும். இரண்டையும் அளவோடு சேர்ப்பதே என் பரிந்துரை.

கேள்வி: ஒரே பயிர் வைத்தால் வேர்நோய் பெருகாதா?

பெருகும். வேரைக் கருக்கும் பூஞ்சை நோய், தொடர்ந்து வைக்கும் இரண்டாம் கோதுமை முதல் நான்காம் கோதுமை வரை கடுமையாகத் தாக்கும். விடாமல் கோதுமையே வைத்தால் அந்தப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாக்கள் மண்ணில் கூடி, நோய் தணியும். முழுதாக விலகாது. 1968இல் வயலின் ஒரு பகுதியில் பயிர்ச் சுழற்சி கொண்டுவந்தார்கள். கோதுமையல்லாத மாற்றுப்பயிருக்கு அடுத்து வரும் முதல் கோதுமை, தொடர்கோதுமையைவிடத் தெளிவாக அதிகம் கொடுக்கிறது.